மூடிய வடிசாலைகளின் விஸ்கி: புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது?

எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ போகும் ரயிலில், லின்லித்கோ நிலையத்தை நெருங்கும்போது ஒரு பழைய கல் கட்டடம் தெரியும். உச்சியில் பகோடா மாதிரி கூம்புக் கூரை. செயின்ட் மக்தலீன் என்ற விஸ்கி வடிசாலையின் மிச்சம் அது. பார்லியை முளைக்க வைத்து, கீழே நெருப்பு மூட்டி உலர்த்துவார்கள். அந்தப் புகை வெளியேறத்தான் அப்படி ஒரு கூரை. 1983-இல் வடிசாலையை மூடிவிட்டார்கள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பார்லி காய்ந்த இடத்தில் யாருடைய துணியோ காய்கிறது. அங்கே வடித்த விஸ்கி ஒரு பாட்டில் ஏலத்துக்கு வந்துவிட்டால் மட்டும் இன்றும் அடிபிடிதான்.

சிங்கிள் மால்ட், அதாவது முளைத்த பார்லியிலிருந்து ஒரே வடிசாலையில் வடித்த விஸ்கி, கொஞ்சம் பழகிவிட்ட எவரும் சீக்கிரமே மூடிய வடிசாலைகளின் இந்தப் பெயர்களில் வந்து மோதுவார்: போர்ட் எலன், ப்ரோரா, ரோஸ்பேங்க், கருய்சாவா. பழைய ஆட்கள் இவற்றைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். விலையைப் பார்த்தால் நமக்கும் குரல் மாறும். நான் ஆர்வக்கோளாறில் நேராகப் பாட்டில் வாங்கப் போய்ச் சூடுபட்டவன். அந்தக் கதை பின்னால் வருகிறது. நீங்கள் பாட்டிலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், "மூடியது" என்றால் என்ன என்று கேளுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, நீங்கள் கேள்விப்படும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இந்த ஒரு வேலையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

சில இடங்கள் தரைமட்டம். இன்வர்னெஸ் நகரில் கால்வாயை ஒட்டி கிளென் ஆல்பின், கிளென் மோர் என இரண்டு வடிசாலைகள் இருந்தன. இப்போது அங்கே கடை வளாகம். லிட்டில்மில் 1994-இல் நின்றது, மிஞ்சியிருந்த கட்டடங்கள் 2004-இல் தீப்பிடித்து எரிந்தன. டல்லாஸ் டூ என்ற வடிசாலையோ அரசின் தொல்லியல் பொறுப்பில் போய், உள்ளே இருந்த சாமான்களோடு அப்படியே அருங்காட்சியகமானது.

சில பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. ப்ரோரா 2021-இல், ரோஸ்பேங்க் 2023-இல், போர்ட் எலன் 2024-இல் மறுபடி வடிக்கத் தொடங்கின. ஆகவே இனி யாராவது "போர்ட் எலன்" என்றால், பழையதா புதியதா என்று கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை: கட்டடம் போய், பாத்திரம் மட்டும் பிழைத்த கதைகள். கருய்சாவா ஜப்பானில் அசாமா எரிமலையின் அடிவாரத்தில் இருந்தது. 2000-இல் வடிப்பது நின்றது, 2016-இல் இடித்தார்கள். அதன் செம்பு வடிகலன்களில் ஒன்று ஷிசுவோகா என்ற புதிய வடிசாலையில் இன்றும் கொதிக்கிறது. ஸ்காட்லாந்தின் கேப்பர்டோனிக்கில் இருந்த வடிகலன்களில் இரண்டு பெல்ஜியம் போயின. இன்வர்லெவனில் தலைப்பகுதி தடித்து, டிரம்மைக் கவிழ்த்து வைத்த மாதிரி விகாரமான ஒரு வடிகலன் இருந்தது. அது ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்குப் போய் ஜின் வடிக்கிறது. அங்கே அதற்கு "அக்லி பெட்டி" என்று செல்லப்பெயர்.

அடுத்து, 1983-ஐப் படியுங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஸ்காட்லாந்து விஸ்கித் தொழில் அவ்வப்போது வீங்கி வெடிக்கும். 1890-களில் ஒரு வீக்கம். பேட்டிசன் சகோதரர்கள் கடன் வாங்கி விளம்பரத்தில் கொட்டினார்கள். தங்கள் விஸ்கியின் பெயரைக் கூவக் கிளிகளைப் பழக்கிக் கடைகளுக்குக் கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். 1898-இல் அவர்கள் கவிழ்ந்தபோது பலரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் அமெரிக்க மதுவிலக்கு, பொருளாதார மந்தம். விஸ்கி நகரம் என்றே பெயரெடுத்த கேம்பல்டவுனில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 20-க்கும் மேற்பட்ட வடிசாலைகள் இருந்தன. இன்று மூன்று.

ஆனால் நாம் இப்போது தேடி அலையும் பாட்டில்களில் பெரும்பாலானவை 1980-களின் சரிவிலிருந்து வந்தவை. 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் விற்பனை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி எல்லோரும் வடித்துத் தள்ளினார்கள். விஸ்கியில் ஒரு சிக்கல் உண்டு: இன்று வடிப்பது நன்றாக முதிர்ந்து விற்பனைக்கு வரப் பத்து வருடம் போல ஆகும். அந்தப் பத்து வருடத்துக்குள் எண்ணெய் விலை ஏறியது, மந்தம் வந்தது, இளைஞர்கள் வோட்காவுக்கும் ஒயினுக்கும் மாறினார்கள். கிடங்குகளில் பீப்பாய்கள் குவிந்து கிடந்தன. டிசிஎல் என்ற மாபெரும் நிறுவனம் 1983-இல் ஒரே வருடத்தில் 11 மால்ட் வடிசாலைகளை நிறுத்தியது. 1985-இல் இன்னொரு சுற்று.

எவற்றை நிறுத்துவது என்று தீர்மானித்தபோது சுவையை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் மால்ட் விஸ்கி என்பது கலவை விஸ்கிக்கான கச்சாப்பொருள். ஐலா தீவில் அந்த நிறுவனத்துக்கு மூன்று வடிசாலைகள்: லாகவூலின், கலீலா, போர்ட் எலன். கலீலாவை 1970-களில்தான் பெரிதாக்கிக் கட்டியிருந்தார்கள். புகை மணம் உள்ள விஸ்கி அவ்வளவு தேவைப்படாதபோது மூன்றில் ஒன்று போக வேண்டும். போர்ட் எலன் போனது. ரோஸ்பேங்க் 1993-இல் மூடியதற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது: கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியை மேம்படுத்தச் சுமார் 20 லட்சம் பவுண்டு ஆகும் என்றார்கள், வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யாருக்கும் வேண்டாத விஸ்கி என்ன ஆனது? பீப்பாயிலேயே கிடந்தது. நன்றாக விற்கும் வடிசாலையின் சரக்கு பத்துப் பன்னிரண்டு வயதில் பாட்டிலுக்குப் போய்விடும். போர்ட் எலனும் ப்ரோராவும் கேட்பாரற்று இருபது, முப்பது வருடம் ஊறின. 1990-களில் சிங்கிள் மால்ட் மோகம் தொடங்கி ஆட்கள் பீப்பாயைத் திறந்து பார்த்தபோது, முதிர்ந்த, அபூர்வமான விஸ்கி காத்திருந்தது. எந்தத் தேக்கம் வடிசாலையைக் கொன்றதோ அதே தேக்கம்தான் அதன் பெயரைத் தூக்கி நிறுத்தியது. மூடாமல் ஓடியிருந்தால் போர்ட் எலன் இன்று கலீலா மாதிரி நல்ல, கட்டுப்படியான ஒரு விஸ்கியாக இருந்திருக்கலாம்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? அதே 1983 பட்டியலில் இருந்த நாக்டு 1989-இலும் பென்ரோமக் 1998-இலும் திரும்ப ஓடத் தொடங்கின. அவற்றுக்காக இன்று யாரும் கண்ணீர் விடுவதில்லை. கடையில் கிடைக்கின்றன, வாங்கிக் குடிக்கிறார்கள்.

உயிரோடு இருக்கும் உறவினரைக் குடியுங்கள்

ப்ரோராவைத் தெரிந்துகொள்ள விரும்பினால் கிளைன்லீஷ் 14 வயது பாட்டில் ஒன்று வாங்குங்கள். இரண்டும் ஒரே ஊரில் அக்கம்பக்கம். உண்மையில் ப்ரோராதான் பழைய கிளைன்லீஷ்; 1819-இல் தொடங்கியது. 1967-இல் பக்கத்திலேயே புதிய வடிசாலை எழுந்ததும் பெயர் அதற்குப் போய்விட்டது. பழையது கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து, 1969-இல் மறுபடி திறந்தது. ஐலா பாணிப் புகை விஸ்கி போதாமல் போனதால் 1970-களின் தொடக்கத்தில் இங்கே பீட் என்ற சதுப்புநிலக் கரியை எரித்த கனத்த புகையோடு வடித்தார்கள். சேகரிப்பவர்கள் 1972 என்ற எண்ணைப் பார்த்ததும் பதறுவது இதனால்தான்.

கிளைன்லீஷை ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒரு வழவழப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். அணைத்த மெழுகுவத்தியின் வாசனையும் சேர்ந்து வரும். அந்த மெழுகுத்தன்மை வடித்த சாராயத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டிகளில் படியும் பிசுக்கிலிருந்து வருகிறது. ஒருமுறை அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது மெழுகும் காணாமல் போனது, பதறிப்போனார்கள் என்பது அந்தத் தொழிலில் அடிக்கடி சொல்லப்படும் கதை. இந்த வழவழப்பை நாக்கு ஒருமுறை கற்றுக்கொண்டால், என்றாவது ப்ரோரா ஒரு சொட்டுக் கிடைக்கும்போது எதைத் தேடுவது என்று தெரியும்.

போர்ட் எலனுக்கு கலீலா ஒரு தூரத்து உறவு: புகை, கடல் காற்று, எலுமிச்சை. ரோஸ்பேங்க் மூன்று முறை வடித்த மென்மையான சரக்கு. மூன்று முறை வடிக்கும் ஆக்கன்டோஷன் எளிதாகக் கிடைக்கும், ஆனால் ரோஸ்பேங்கின் கனம் அதில் வராது. காரணம், ரோஸ்பேங்க் ஆவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருட்டிவைத்த செம்புக் குழாயில் குளிரவைத்தது. கருய்சாவாவுக்கு உறவினர் யாரும் இல்லை. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய கறுத்த விஸ்கி எதையாவது குடித்துத் திசையைப் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

லேபிளில் கணக்குப் போடப் பழகுங்கள்

லேபிளில் பார்க்க வேண்டியது நான்கு எண்கள்: வடித்த ஆண்டு, பாட்டிலில் அடைத்த ஆண்டு, வயது, ஆல்கஹால் சதவீதம். உதாரணத்துக்கு, போர்ட் எலனின் வருடாந்திர வெளியீடுகளில் முதலாவது: 1979-இல் வடித்தது, 2001-இல் அடைத்தது, 22 வயது, 56.2 சதவீதம், 6000 பாட்டில்கள். கணக்கு இடிக்கவில்லை. 56.2 என்றால் தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்தது என்று புரிந்துகொள்ளலாம்.

வடித்த ஆண்டை வடிசாலையின் ஆயுளோடு ஒப்பிடுங்கள். போர்ட் எலன் ஏறத்தாழ 1930 முதல் 1966 வரையும், பின்னர் 1983-லிருந்து 2024 வரையும் வடிக்கவே இல்லை. அந்த இடைவெளிக்குள் விழும் ஆண்டு லேபிளில் இருந்தால் ஏதோ தப்பு. ஸ்காட்ச் என்று பெயர் வைக்கக் குறைந்தது மூன்று வருடம் பீப்பாயில் இருக்க வேண்டும், 40 சதவீதத்துக்குக் கீழே போகவும் கூடாது. பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகிப் போய்விடும், ஸ்காட்லாந்தின் குளிரில் வீரியமும் மெல்ல இறங்கும். நாற்பது வயதைத் தாண்டியவை அபூர்வமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடைத்தது யார் என்பதையும் பாருங்கள். வடிசாலைக்காரர்களே கண்டுகொள்ளாத காலத்தில் பீப்பாய்களை வாங்கி வைத்துப் பாட்டிலில் அடைத்தவர்கள் சுதந்திர வணிகர்கள்: எல்ஜின் நகரின் கார்டன் அண்ட் மெக்ஃபெயில், கேம்பல்டவுனின் கேடன்ஹெட், சிக்னேட்டரி. மூடிய வடிசாலைகளில் பலவற்றை நாம் இன்று சுவைக்க முடிகிறது என்றால் இவர்கள் புண்ணியம். ஜப்பானில் ஹன்யூ வடிசாலை கைமாறியபோது, அதை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்த இச்சிரோ அகுட்டோ சுமார் 400 பீப்பாய்களைக் காப்பாற்றி, சீட்டுக்கட்டின் ஒவ்வொரு சீட்டையும் லேபிளாக ஒட்டி வெளியிட்டார். 54 பாட்டில்கள் கொண்ட முழுக் கட்டு 2019-இல் ஹாங்காங் ஏலத்தில் 70 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. சீட்டாட்டத்தில் சொத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறோம், இது வேறு ரகம்.

ஒன்று மட்டும்: செத்த வடிசாலை என்பதற்காகவே விஸ்கி நன்றாக இருந்துவிடாது. பழைய மரத்தில் அளவுக்கு மீறிக் கிடந்து, கட்டையின் கசப்பு மட்டுமே மிஞ்சிய பாட்டில்களும் இதே விலையில் வலம் வருகின்றன.

இப்போது பர்ஸை எடுக்கலாம், மெதுவாக

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் ஏலம் ஒன்றில் இரவு பதினொரு மணிக்கு ஒரு பாட்டிலைப் பிடித்தேன். பெயர் பெரிய பெயர். விலை கைக்கு எட்டியது, ஒரே குஷி. மறுநாள் பில் வந்தது: ஏல விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன், கமிஷனுக்கு வரி, காப்பீடு, கூரியர். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதோடு போயிற்றா என்றால், பாட்டிலைத் திறந்தபோது ஊறவைத்த பென்சில் சுவை. ஏலத்தில் கை தூக்கும் முன் எல்லாவற்றையும் கூட்டி ஒரு உச்ச விலையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினால் மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது. அந்த பென்சிலுக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்கிறேன்.

முதல் சில வருடங்களுக்குப் பாட்டிலே வேண்டாம். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள நல்ல விஸ்கி பார்களில் இந்தப் பெயர்கள் 20 மில்லி, 30 மில்லி அளவில் கிடைக்கும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு கோப்பை வாங்கிப் பகிர்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சிறு குப்பிகளில் பிரித்து விற்கும் சாம்பிள்களும் உண்டு. விற்பவர் நம்பகமானவரா என்பதுதான் அதில் கேள்வி.

பாட்டிலே வாங்குவதானால் படத்தைப் பெரிதாக்கி, கழுத்தில் திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை வழியாக ஆவியாகியிருக்கிறது. வாங்கிய பிறகு நிற்க வைத்தே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைத்தால் வீரியமான சாராயம் தக்கையை அரித்துவிடும். வெயில் படக் கூடாது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது தீர்வையில்லாமல் 2 லிட்டர் வரை கொண்டுவரலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

போலிகள்

2017-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டலில் சீன வாடிக்கையாளர் ஒருவர் 1878-ஆம் ஆண்டு மெக்காலன் என்று சொன்ன ஒரு கோப்பைக்குப் பத்தாயிரம் பிராங்க் அளவில் கொடுத்தார். பிறகு சோதித்தபோது அது 1970-களின் தொடக்கத்தில் வடித்தது என்று தெரிந்தது. ஹோட்டலுக்கே அதுவரை தெரியாது. நேரில் போய்ப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

கண்டுபிடித்த விதம் சுவாரஸ்யமானது. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. அந்தக் காற்றில் வளர்ந்த பார்லியில் அது ஏறியது, பார்லியிலிருந்து விஸ்கிக்கு வந்தது. ஆக, குண்டுக்கு முந்தைய விஸ்கியா பிந்தையதா என்பதை ஒரு ஸ்காட்லாந்து ஆய்வகம் சில மில்லியிலேயே சொல்லிவிடும். 2018-இல் அப்படிச் சோதித்த 55 அபூர்வ பாட்டில்களில் 21 போலி.

நீங்களும் நானும் ஆய்வகத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் காலிப் பாட்டில்கள் எதற்கு விலை போகின்றன என்று யோசியுங்கள். பாட்டில் எங்கிருந்து வந்தது, இதற்கு முன் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

போய்ப் பார்ப்பதானால்

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ப்ரோரா போங்கள். 1983-இல் பூட்டிய வடிகலன்கள் உள்ளேயே நின்றன. அவற்றையே கழற்றிப் பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவந்து பொருத்தினார்கள். ரோஸ்பேங்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2008 முடிந்து 2009 பிறந்த விடுமுறையில் செம்புத் திருடர்கள் வந்து வடிகலன்களைப் பெயர்த்துப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவை பழைய வரைபடங்களைப் பார்த்துச் செய்தவை.

கடைசியில், அந்தக் கோப்பை

ஒரு நாள் அந்த 20 மில்லி உங்கள் முன்னால் வரும். அன்று மாலை மசாலா தூக்கலான சாப்பாடு வேண்டாம். வாய் குறுகிய கோப்பை போதும், ஐஸ் வேண்டாம். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். முப்பது வருடம் அடைந்து கிடந்தது, கொஞ்சம் மூச்சு விடட்டும். வாயைச் சற்றுத் திறந்தபடி முகர்ந்தால் காரம் மூக்கில் ஏறாது. முதல் வாய் அப்படியே. பிறகு ஒரு ஸ்பூன் நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டாவது வாய்.

முடிந்ததும் கோப்பையைக் கழுவாதீர்கள். அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் பல் விளக்கும் முன் எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் எல்லாம் போயிருக்கும். ப்ரோராவாக இருந்தால் அணைந்த அடுப்பும் பழைய துணி பீரோவும் கலந்த ஒரு வாசனை அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த முறை ஓசி.